குடிமுறையும் கோட்டுப்படமும்

1855ஆம் ஆண்டில் நியூயார்க் – ஈரி இருப்புப்பாதைக் கம்பெனியின் மேலாளர் டானியல் மக்கலம் தம் நிருவாகத்தை ஒரு மரமாக வரைவித்தார். பணிப்பாளர் சபை வேர், பகுதிகள் கிளை, ஊழியர் கிளைநுனி. பெரிய நிறுவனமொன்றை ஒரே தாளில் காட்டிய முதற் படங்களுள் ஒன்று அது.

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் குடிமுறையை வரையப் புகுந்திருப்பின் மக்கலத்தின் ஓவியர் திகைத்திருப்பார். இங்கே குடி தாய்வழி வருவது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் அமர்வது பழைய வழக்கு. ஒரே குடிக்குள் மணம் கொள்ளலாகாது என்பது விதி. ஆகவே மரைக்காரின் மகன் தாயின் குடியைச் சேர்ந்தவன். தந்தையின் இடத்துக்கு உரியவனல்லன். சபையில் அமர்ந்திருப்போர் அனைவரும் ஆடவர்; அவர்தம் உரிமைக் கோடோ பெண்களூடாகச் செல்கிறது. ஆணை முக்கோணமாகவும் பெண்ணை வட்டமாகவும் குறிக்கும் மானிடவியலாரின் உறவுப்படத்திலேயே இது தெளிவாகும். வீடும் அவ்வாறே: சீதனமாக மகளைச் சேரும், மாப்பிள்ளை அங்கே குடிபுகுவார்.

இக்கோட்டைக் காணாமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர், வீட்டுதவி ‘குடும்பத் தலைவர்’ என்ற கணக்கில் வழங்கப்பட்டது. அவ்விடத்தில் பெரும்பாலும் கணவன் பெயரே ஏறிற்று. தாய் தந்த வீட்டைக் கடலுக்கு இழந்த பெண்ணின் பெயர், புதிய வீட்டின் உறுதியில் இல்லாத நிலை இக்கரையில் நேர்ந்தது.