பெரிய பொட்டி, சின்னப் பொட்டி, ஒரு ரயில் டிக்கெட்

ரெண்டு ஸ்டோரேஜ் பொட்டியை ஜோடி சேர்த்து, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிச்சு நிக்கற மாதிரி செட்டப் பண்றது எங்க பொழப்புல அடிக்கடி வர்ற ஆணி. ரெண்டும் ஒரே மாடலா இருந்தா பிரச்சனையே இல்லை. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, ஒண்ணு புதுசு, ஒண்ணு கிழடுன்னு வரும்போதுதான் "இதெல்லாம் சேராது பாஸ்"னு ஆளாளுக்கு பஞ்சாயத்து. சேருமா சேராதான்னு நம்ம ஊரு ஆளுங்க எப்ப முதல்ல மண்டையைப் போட்டு உடைச்சிருப்பாங்கன்னு தோண்டிக்கிட்டே போனா, கடைசியில ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டர்ல போய் நிக்குது.

மேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி. பெரம்பலூர்க்காரனுக்குப் பொருந்தாத ஜோடி ஒண்ணும் புதுசில்லீங்க. 1995ல திருச்சியிலேர்ந்து பிரிச்சு பெரம்பலூர் மாவட்டம் வந்துச்சு. 2001 ஜனவரி 1ல அதுலேர்ந்து அரியலூர் தனியாப் போச்சு. 2002 மார்ச் 31ல திரும்ப ஒண்ணாக்கிட்டாங்க. 2007 நவம்பர் 23ல மறுபடியும் பிரிச்சாங்க. நான் நாலாப்பு படிக்கிறப்ப நடந்த கூத்து இது. கிளஸ்டர்ல நோடைச் சேர்க்கறதும் கழட்டறதும் எங்களுக்கு ரத்தத்துலயே ஊறினதுன்னு வெச்சுக்கங்களேன் :-)

அவங்ககிட்ட சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலையும் ரயிலும் இருக்கு. எங்ககிட்ட சின்ன வெங்காயமும் பருத்தியும் நாலுவழிச் சாலையும். பெரம்பலூர் டவுனுக்கு இன்னிக்கு வரைக்கும் ரயில் பாதை கிடையாது. பஸ்ஸை நம்ப முடியாத நாள்ல முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூர் போய்ப் பல்லவனைப் பிடிப்போம். ரயில் ரத்துன்னா அரியலூர்க்காரர் எங்க ஊருக்கு வந்து பஸ் ஏறுவார். அளவும் வேற, ஜாதகமும் வேற. இருந்தாலும் ஒருத்தருக்கு ஒருத்தர் பேக்கப்.

சரி, ரயிலுக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு ரயிலுக்கு, ஒரு தேதிக்கு, ஒரு பேரேடு. அதுல கைல எழுதுவாங்க. ஊருக்கு ஊர் கோட்டா பிரிச்சிருக்கும். வேற ஊர்லேர்ந்து திரும்பி வர்றதுக்கு டிக்கெட் வேணும்னா அந்த ஊருக்குத் தந்தி போகும், பதிலுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். ஒரே ஒரு பேரேடு இருந்ததால ஒரு விஷயத்துல நிம்மதி: ஒரு சீட்டை ரெண்டு பேருக்கு விக்கறது கஷ்டம். நோட்டு எவர் கையில இருக்கோ அவர்தான் ராஜா. ஆனா நோட்டு கிழிஞ்சா, தொலைஞ்சா, கதை கந்தல்.

1985 கடைசியில டெல்லியில சோதனை முறையா கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் ஆரம்பிச்சாங்க. மென்பொருள் சிஎம்சி எழுதினது, பேரு இம்ப்ரெஸ். ஓடினது டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியோட வாக்ஸ் பொட்டிகள்ல. 1980கள் முடியறதுக்குள்ள மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத்னு அஞ்சு ஊருக்கும் வந்திருச்சு. ரயில்வேயோட சொந்த கம்ப்யூட்டர் அமைப்பான கிரிஸ் 1986ல பொறந்துச்சு. அவங்க எழுதின கான்செர்ட் மென்பொருள் 1994ல செகந்திராபாத்ல ஓட ஆரம்பிச்சு, 1999 ஏப்ரல்ல அஞ்சு மையத்தையும் ஒண்ணா இணைச்சுது. எந்த ஊர்லேர்ந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்கலாம்ங்கறது அதுக்கப்புறம்தான்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அஞ்சு மையமும் இணைஞ்சாலும், ஒரு ரயிலோட சீட்டுக் கணக்கு ஒரே ஒரு மையத்துலதான் இருக்கும். மத்த நாலும் அதுகிட்ட கேட்டு வாங்கிக்கணும். உங்க பிஎன்ஆர் நம்பர் 4லயோ 5லயோ ஆரம்பிச்சா, கணக்கு சென்னையோடது. பழைய பேரேட்டு தர்மம்தான், நோட்டு மட்டும் வட்டுக்கு மாறியிருக்கு. கவுண்டர்ல "லிங்க் இல்லை சார்"னு சொல்லும்போது நமக்குக் காண்டாகுது இல்லையா? சென்னையைக் கேக்காம கவுண்டர் தன்னிஷ்டத்துக்கு சீட்டை வித்துடக் கூடாதுன்னுதான் அந்த நிறுத்தம்.

ஆனா சென்னை மையமே படுத்துட்டா? அதுக்குத்தான் ஜோடி. டிஜிட்டல் கம்பெனி 1983லயே வாக்ஸ்கிளஸ்டர் அறிவிச்சுது. பல பொட்டிகள் ஒரே வட்டுகளைப் பங்கு போட்டுக்கிட்டு, வெளியில இருந்து பார்க்கறவனுக்கு ஒரே பொட்டி மாதிரி தெரியும். அதுல ஓடின விஎம்எஸ், பின்னாடி ஓபன்விஎம்எஸ்னு பேரு மாத்திக்கிச்சு. எல்லாப் பொட்டியும் ஒரே மாதிரி இருக்கணும்னு அது அடம் பிடிக்கலை. வாக்ஸும் ஆல்ஃபாவும் ஒரே கிளஸ்டர்ல இருக்கலாம். பிற்பாடு ஆல்ஃபாவும் இட்டானியமும் சேர்ந்து இருந்துச்சு. ஒவ்வொண்ணா பழசைக் கழட்டி, புதுசைச் சொருகி, கடையை மூடாமலே வீட்டை இடிச்சுக் கட்டலாம். நடுவுல டிஜிட்டலை 1998ல காம்பேக் வாங்கி, காம்பேக்கை 2002ல ஹெச்பி வாங்கி, முதலாளிங்க மாறிக்கிட்டே இருந்தாங்க. கிளஸ்டர் அது பாட்டுக்கு ஓடிச்சு.

வட்டு மட்டும் ரொம்ப நாள் முரண்டு பிடிச்சுது. ஒரே தகவலை ரெண்டு வட்டுல எழுதற 'வால்யூம் ஷேடோயிங்'ல ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்னு கண்டிஷன். ஓபன்விஎம்எஸ் 7.3-2 வந்தப்பதான் அளவு வேற வேறயா இருந்தாலும் சரின்னு விட்டாங்க. அதுக்கான கணக்கு ரொம்ப நியாயமானது. ஜோடியோட கொள்ளளவு சின்னவனோட கொள்ளளவுதான். பத்து டெராபைட்டையும் பதினாறையும் சேர்த்தா வெளியில தெரியறது பத்து, பெரியவன்கிட்ட ஆறு சும்மா கிடக்கும். எழுதும்போது ரெண்டு பேரும் எழுதி முடிச்சாத்தான் 'ஆச்சு'ன்னு பதில் வரும், அதனால வேகம் மெதுவானவனோடது. படிக்கும்போது யார் பக்கத்துல இருக்காங்களோ, வேகமோ, அவங்க குடுப்பாங்க. சின்னவனைக் கழட்டிட்டு இன்னொரு பெரியவனைப் போட்டா கொள்ளளவைப் பெருசாக்கிக்கலாம்.

இன்னிக்கு லினக்ஸ்ல ஓடற டிஆர்பிடி-க்கும் அளவு விஷயத்துல இதே நியாயம்தான். வியன்னாவுல பிலிப் ரைஸ்னர் ஆரம்பிச்சது அது, 2010ல லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே வந்திருச்சு. சில நாஸ் பொட்டிகள் மட்டும் "ஒரே மாடல் இல்லைன்னா பேச்சே கிடையாது"ன்னு கறாரா சொல்லும். கம்பெனிக்கு சப்போர்ட் பண்றது சுலபம், அவ்ளோதான்.

ஆக, அளவுல ஒண்ணும் குடி முழுகிடாது. வம்பு வேற இடத்துல இருக்கு: ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, நடுவுல கேபிள் மட்டும் போச்சுன்னா? "அவன் செத்துட்டான், இனி நான்தான்"னு ரெண்டுமே நினைச்சுக்கும். பெரியது 23ம் நம்பர் சீட்டை ஒருத்தருக்கு விக்கும், சின்னது அதே சீட்டை இன்னொருத்தருக்கு விக்கும். அவங்க ரெண்டு பேரும் ராத்திரி பெட்டியில சந்திச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நம்மாளுங்க இதை 'ஸ்ப்ளிட் பிரெய்ன்'னு சொல்வாங்க.

ஓபன்விஎம்எஸ் இதுக்கு ஓட்டுரிமை குடுத்துச்சு. மொத்த ஓட்டோட ரெண்டைக் கூட்டி, ரெண்டால வகுத்து, மீதியைத் தூக்கிப் போடுங்க. அதுதான் கோரம். ரெண்டு பொட்டிக்கு ஆளுக்கு ஒரு ஓட்டுன்னா கோரம் 2, ஒருத்தன் போனா இன்னொருத்தனும் அப்படியே உறைஞ்சு நிப்பான். மூணாவதா ஒரு வட்டுக்கு ஒரு ஓட்டு குடுத்தா மொத்தம் 3, கோரம் அதே 2. இப்ப அந்த வட்டு எவன் கைல சிக்குதோ அவன் ஓடுவான், மத்தவன் வாயை மூடிக்குவான். இதுல பெரிய பொட்டி, சின்னப் பொட்டின்னு பாரபட்சம் கிடையாது. வேணும்னா பெரியவனுக்கு மட்டும் ஓட்டு குடுத்து, சின்னவனுக்கு சைபர் குடுக்கலாம். சின்னவன் செத்தா யாருக்கும் தெரியாது. பெரியவன் செத்தா எல்லாம் நின்னு போகும். அதுக்குப் பேரு ஜோடின்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

லினக்ஸ் கிளஸ்டர் ஆளுங்க இன்னும் முரட்டுத்தனம். சந்தேகம் வந்தா எதிராளியோட கரண்ட்டையே புடுங்கிடுவாங்க. அந்த உத்திக்கு அவங்க வெச்ச பேரு ஸ்டோனித், 'அடுத்த நோடைத் தலையிலயே சுடு'ன்னு அர்த்தம்!

இவ்ளோ பயம் தேவையான்னு கேட்டா, 2018 அக்டோபர் 21ல கிட்ஹப்புக்கு நடந்ததைச் சொல்லணும். அமெரிக்காவோட கிழக்குக் கரையில இணைப்பு அறுந்தது வெறும் 43 விநாடி. அதுக்குள்ள மேற்குக் கரை தலைமையை எடுத்துக்கிச்சு. ரெண்டு பக்கமும் மத்தவங்ககிட்ட இல்லாத தகவல் சேர்ந்து போச்சு. சரி பண்ண ஆன நேரம் 24 மணி 11 நிமிஷம்.

இந்திய ரயில்வே 2025ல சொன்னபடி, ரிசர்வேஷன் சிஸ்டம் 2010ல போட்ட இட்டானியம் சர்வர்ல, ஓபன்விஎம்எஸ்லதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இட்டானியம் சிப்பை இன்டெல் அனுப்பறதையே 2021ல நிறுத்திடுச்சு. அதனால புது தொழில்நுட்பத்துக்கு மாத்தப் போறதா ரயில்வே அறிவிச்சாங்க. அங்க யார் யாருக்கு எத்தனை ஓட்டுன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை.