கடற்கரைக்குச் சென்ற திருவிழா

ஆங்கிலத்தில் விடுமுறையைக் குறிக்க வழங்கும் ‘ஹாலிடே’ என்னும் சொல்லுக்கு மூலப்பொருள் ‘புனித நாள்’ என்பதாகும். ஆயினும் இன்று அச்சொல்லைக் கேட்கும் பிரிட்டன் நாட்டுக் குழந்தையின் மனக்கண்முன் ஆலயமோ திருப்பவனியோ எழுவதில்லை. மணற்பரப்பும், சிறு வாளியும், கையடக்கமான மண்வெட்டியும், அலைநுரையுமே எழுகின்றன. திருநாளைக் குறித்த சொல் கடற்கரையை நினைவூட்டும் சொல்லாக மாறியது எப்படி? இம்மாற்றத்தின் வரலாறு, எளிய தொழிலாளர் குடும்பங்கள் தம் சிறு குழந்தைகளோடு ஒரு வாரம் கடலோரம் தங்கி வர ஆண்டு முழுவதும் எவ்வாறு திட்டமிட்டன என்பதன் வரலாறுமாகும். ஓய்வு வசதி படைத்தோரின் உடைமையா, எல்லாருக்கும் உரியதா என்னும் கேள்வி அவ்வரலாறு நெடுகிலும் ஒலிக்கக் காண்கிறோம்.

விழிப்பு நாள்

கி.பி. 601-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார், இங்கிலாந்தில் மறைப்பணியாற்றச் சென்றுகொண்டிருந்த மடாதிபதி மெல்லிட்டுசுக்கு ஒரு மடல் வரைந்தார். துறவி பேதா தம் வரலாற்று நூலில் அதனைக் காத்துத் தந்துள்ளார். அம்மக்களின் பழைய கோவில்களை இடிக்க வேண்டாம். சிலைகளை அகற்றி அவற்றை ஆலயங்களாக்குங்கள். ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்ட நாளிலும் மறைசாட்சியரின் நாளிலும் மக்கள் ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தலிட்டு விருந்துண்டு மகிழட்டும் என்பது அம்மடலின் கருத்து.

பின்னாளில் இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் ஆலய விழா வேரூன்றியது. விழாவுக்கு முந்திய இரவில் மக்கள் விழித்திருந்து செபித்தனர். ஆகவே அவ்விழாவுக்கே ‘வேக்ஸ்’, அதாவது ‘விழிப்பு’ என்று பெயராயிற்று. செபத்தோடு கடைகளும் ஆடல் பாடலும் உறவினர் வருகையும் சேர்ந்துகொண்டன. ஊர்த் திருவிழாவில் வளர்ந்த நமக்கு அதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1536-இல், எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில், அறுவடைப் பருவத்தில் வந்த திருநாள்கள் பல நீக்கப்பட்டன. எல்லா ஆலயங்களும் தம் நேர்ந்தளிப்பு விழாவை அக்டோபர் முதல் ஞாயிறன்றே கொண்டாட வேண்டும் என்று ஆணை பிறந்தது. வேலைநாள் குறைகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. வட இங்கிலாந்தின் பல ஊர்களில் மக்கள் ஆணையைப் பொருட்படுத்தாது தம் பழைய நாளையே பற்றிக்கொண்டனர். விழாவின் சமயப் பொருள் மெல்ல மங்கியது. நாள் மட்டும் நிலைத்தது.

ஆலைச் சங்கும் திருநாளும்

அடுத்து வந்தது தொழிற்புரட்சி. முன்னர் ஆண்டுக்கு ஏறத்தாழ 33 திருநாள்களில் மூடப்பட்டிருந்த இங்கிலாந்து வங்கி, 1834 முதல் நான்கு நாள்களுக்கு மட்டுமே கதவடைத்தது. வங்கி எழுத்தர்க்கே இந்நிலை என்றால் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளியின் நிலையைக் கேட்கவேண்டுவதில்லை. அங்கே குழந்தைகளும் உழைத்தனர். 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எட்டு வயதுச் சிறுவர் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலுமாகக் காலம் கழித்தனர். இந்த அரைநேர முறைக்கு 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே முற்றுப்புள்ளி வைத்தது.

எந்திரம் திருநாள் அறியாது. ஆயினும் ‘விழிப்பு’ நாள்களில் தொழிலாளர் வேலைக்கு வராமலே இருந்தனர். தண்டித்துப் பார்த்தும் பயன் காணாத ஆலை முதலாளிகள், இறுதியில் அவ்வாரம் ஆலையையே மூடி, கொதிகலன்களைத் துப்புரவு செய்யவும் எந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அந்நாள்களைப் பயன்படுத்தினர். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம். ஓல்டம் நகருக்கு ஆகஸ்டு இறுதியில். அவ்வாரத்தில் புகைபோக்கிகள் புகையாது நிற்க, ஊரார் வானத்தைத் தெளிவாகக் கண்டனர்.

கடல் என்னும் மருந்து

இதற்கிடையில் கடலைப் பற்றிய எண்ணமும் மாறியிருந்தது. லூயிஸ் என்னும் ஊரின் மருத்துவர் ரிச்சர்டு ரஸல், கழலை நோய்களுக்குக் கடல்நீர் மருந்தென்று 1750-இல் இலத்தீனில் நூல் எழுதினார். கடலில் குளிக்கவும் கடல்நீரைப் பருகவும் அவர் பரிந்துரைத்தார். செல்வர் பிரைட்டன் கரையை நாடினர். 1789-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே வெய்மத் கடலில் நீராடினார். மருந்து நல்லதாயின் ஏழைக்கும் அது கிட்ட வேண்டுமன்றோ? குவேக்கர் சபையைச் சார்ந்த மருத்துவர் ஜான் கோக்லி லெட்சம் முதலானோரின் முயற்சியால், இலண்டன் ஏழைகளுக்கென மார்கேட் கடலோரத்தில் ஒரு மருத்துவமனை 1791-இல் நிறுவப்பட்டது.

ஆயினும் ஏழையரைத் திரளாகக் கடலிடம் கொண்டு சேர்த்தது புகைவண்டியே. பிரைட்டனுக்கு 1841-இலும் பிளாக்பூலுக்கு 1846-இலும் இருப்புப்பாதை எட்டியது. ஞாயிறு மறைக்கல்விப் பள்ளிகள் தம் சிறுவர்களை ஒருநாள் பயணமாகக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாயின. அச்சிறுவருள் பலருக்கு அதுவே கடலின் முதற்காட்சி.

ஓராண்டுச் சேமிப்பு, ஒரு வாரக் கடல்

இவ்வாறே ஊர்த் திருவிழா கடற்கரைக்குப் பெயர்ந்தது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: அவ்வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆலை மூடினால் வருவாயும் நின்றது. எனவே வண்டிக் கட்டணமும் தங்கும் வாடகையும் மட்டுமன்றி, பூட்டிய வீட்டின் வாடகையும், திரும்பி வந்தபின் அடுத்த கூலி நாள் வரைக்கும் உணவுச் செலவும் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். இதற்கெனவே ஆலைகளிலும் செபக்கூடங்களிலும் மதுக்கடைகளிலுங்கூடச் சேமிப்புச் சங்கங்கள் எழுந்தன. வாரந்தோறும் செலுத்திய சில பென்னிகள் விழா வாரத்துக்கு முன் மொத்தமாகக் கையில் கிடைத்தன. இக்கணக்கின் சுமையைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் தாய்மாரே.

பிளாக்பூலில் தங்கும் ஏற்பாடும் சிக்கனத்தின் மேல் எழுந்ததே. பல குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒரே விடுதி அம்மையாரிடமே தங்கின. அறை வாடகை அவருக்கு. உணவுப் பொருள் குடும்பத்தினுடையது. ஒவ்வொரு குடும்பமும் வாங்கித் தந்த இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் அவர் தனித்தனியே சமைத்துக் கொடுத்தார். உப்பு, மிளகுச் சிமிழ்களுக்குத் தனிக் கட்டணம் வாங்கிய விடுதிகளும் உண்டு. ஒரே கட்டிலில் குழந்தைகள் பலர் படுத்தனர். ஊர் முழுவதுமே ஒரே வாரத்தில் புறப்பட்டதால், பக்கத்து வீட்டாரையே பக்கத்து மணலிலும் கண்டனர். ஊரே கூடும் திருவிழாவின் பழைய இயல்பு இதில் மறையாமல் நின்றது.

மணலில் குழந்தைகளைச் சுமந்த கழுதைகளுக்கும் ஓய்வு கிடைத்தது ஒரு சுவையான செய்தி. 1942-இல் பிளாக்பூல் நகராட்சி வகுத்த விதிகள் அவற்றின் வேலை நேரத்துக்கு எல்லை கட்டின. வெள்ளிக்கிழமை அவற்றுக்கு ஓய்வு நாளாயிற்று. எருதும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்னும் விடுதலைப் பயண நூலின் கட்டளையை இங்கு நினையாதிருக்க இயலாது.

சட்டம் தந்த ஓய்வு

1871-இல் சர் ஜான் லபக் என்பாரின் முயற்சியால் நிறைவேறிய சட்டம், ஆண்டில் நான்கு திங்கள்களையோ நாள்களையோ அன்று, ஈஸ்டர் திங்கட்கிழமை, பெந்தகோஸ்து திங்கட்கிழமை, ஆகஸ்டு முதல் திங்கட்கிழமை, கிறிஸ்துமசுக்கு மறுநாள் எனக் குறிப்பிட்ட நான்கு நாள்களையே இங்கிலாந்தில் வங்கி விடுமுறைகளாக்கியது. மகிழ்ந்த மக்கள் அவற்றைப் ‘புனித லபக் திருநாள்கள்’ என்று வேடிக்கையாக அழைத்தனர். புனிதர்களின் நாள்களை இழந்த சமுதாயம் சட்டமியற்றிய ஒருவரைப் புனிதராக்கி மகிழ்ந்தது!

கூலியோடு கூடிய விடுமுறைக்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்கள் நெடுநாள் வேண்டியதன் பயனாக, அமுல்ரீ பிரபுவின் குழு ஆண்டுக்கு ஒரு வாரக் கூலி விடுமுறையைப் பரிந்துரைத்தது. 1938-இல் அதற்கான சட்டமும் வந்தது. அச்சட்டமும் கூலி நிர்ணய வாரியங்களுக்கு அதிகாரம் அளித்ததேயன்றி, எல்லாருக்கும் உரிமை வழங்கவில்லை. இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1936-இல், பில்லி பட்லின் என்பார் ஸ்கெக்னெஸ் கடலோரத்தில் தம் முதல் விடுமுறை முகாமைத் திறந்திருந்தார். மழையிலும் பகல் முழுவதும் விடுதிக்கு வெளியே நிற்க வேண்டியிருந்த குடும்பங்களைக் கண்டதே அவ்வெண்ணத்துக்கு வித்து என்பர். உணவும் உறைவிடமும் கேளிக்கையும் ஒரே கட்டணத்தில் அடங்கின. இரவில் குழந்தை அழுதால் பெற்றோருக்குச் செய்தி சொல்லச் சுற்றுக்காவலர் இருந்தனர். ஆண்டு முழுவதும் அடுப்படியில் நின்ற தாய்க்கும் அங்கே ஓய்வு கிடைத்தது என்பதைத் தனியே குறிப்பிட வேண்டும்.

போரின்போது, 1940-இல், தென், கீழ்க் கரைகளில் முள்கம்பியும் கண்ணிவெடியும் குழந்தைகளின் மணலை அடைத்துக்கொண்டன. போருக்குப்பின் கூட்டம் மீண்டும் பெருகியது. பின்னர் 1960-களிலும் 70-களிலும் வானூர்திகள் ஸ்பெயின் நாட்டு வெயிலைக் குறைந்த விலையில் தரத் தொடங்கின. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, ‘விழிப்பு’ வாரமும் மறைந்தது. பிரிட்டன் தொழிலாளர் அனைவருக்குமான கூலி விடுமுறை உரிமை 1998-ஆம் ஆண்டு விதிகளாலேயே முழுமையாகச் சட்டமாயிற்று.

இன்றைய பெற்றோரின் கணக்கு

இன்றும் பிரிட்டன் கடற்கரைக்குச் சிறு குழந்தைகளோடு செல்வோர் முன்கூட்டியே பலவற்றை எண்ணிப் பார்க்கின்றனர். ஓதம் அறிவது முதற்பாடம். வெஸ்டன்-சூப்பர்-மேர் போன்ற இடங்களில் கடல் வற்றும்போது ஒரு மைலுக்கு மேல் பின்வாங்கி, ஆபத்தான சேற்றை விட்டுச் செல்லும். ஆகவே ஓத அட்டவணையைப் பார்த்த பின்னரே குழந்தையைக் கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவிலேயே குளிக்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி கண்டால் நீரில் இறங்கலாகாது. ஆகஸ்டிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். மழைக்கும் காற்றுக்கும் ஆயத்தமாகச் செல்ல வேண்டும். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குப் புகைவண்டியில் கட்டணமில்லை என்பது ஓர் ஆறுதல்.

ஆனால் பெரிய கணக்கு பள்ளி நாள்காட்டியைப் பற்றியது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் தங்கும் கட்டணம் ஏறிவிடுகிறது. பள்ளி நாள்களில் குழந்தையை அழைத்துச் சென்றாலோ தண்டம். 2017-இல் இத்தகைய வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பள்ளியின் விதிப்படி வருவதே ஒழுங்கான வருகை என்று தீர்ப்பாயிற்று. 2024 ஆகஸ்டு முதல் இங்கிலாந்தில் ஒரு குழந்தைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும், 80 பவுண்டு தண்டம். 21 நாள்களுக்குள் செலுத்தாவிடில் 160. கல்வி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் செல்வர்க்கு இத்தண்டம் பயணச் செலவில் ஒரு சிறு பகுதி. ஏழைக்கோ அது பயணத்தையே நிறுத்திவிடும் தடை. கடற்கரையே காணாத பிள்ளைகள் அந்நாட்டில் இன்றும் உள்ளனர். அத்தகைய குடும்பங்களுக்குச் சில நாள் ஓய்வு கிடைக்கச் செய்வதற்கென்றே 1975-இல் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கப்பட வேண்டியிருந்தது.

உழைப்பாளியின் ஓய்வு முதலாளியின் இரக்கத்தைப் பொறுத்ததன்று, அவருக்குரிய உரிமை என்று 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் கற்பித்தார். குடும்ப வாழ்வுக்கும் போதிய ஓய்வுநேரம் வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எடுத்துரைத்தது. இவற்றுக்கெல்லாம் பன்னெடுங்காலம் முன்னரே, ஆலயத்தைச் சுற்றிப் பந்தலிடச் சொன்ன கிரகோரியாரின் மடலில் நுழைவுக் கட்டணம் பற்றிய பேச்சே இல்லை. அந்தப் பந்தலில் ஊரார் அனைவருக்கும் இடமிருந்தது. அதை இழந்த லங்காஷயர்த் தாய்மார் பென்னி பென்னியாகச் சேர்த்து, தம் குழந்தைகளுக்காகக் கடற்கரையில் மீண்டும் கட்டியெழுப்பினர். அந்த ஒரு வாரம் முடிந்து ஊர் திரும்பியதும் ஆலைச் சங்கு ஊதியது. சேமிப்புச் சங்கத்தில் அடுத்த ஆண்டுக்கான முதற்பென்னியும் விழுந்தது.