இடைசெவலுக்கு வந்த கடுதாசிகள்



கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் நட்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "இது நம் மேடைக்கான பொருளா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மல்லாங்கிணறிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி கடந்தால் இடைசெவல். இங்கே உள்ள அதே கரிசல், அதே மானாவாரி வெள்ளாமை. ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடப்பதும் அதேதான்.

கி.ரா. 1923 செப்டம்பர் 16ஆம் தேதி பிறந்தார். அழகிரிசாமி அதே மாதம் 23ஆம் தேதி. ஒருவர் சம்சாரி வீட்டுப் பிள்ளை, மற்றவர் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. இரண்டு வீட்டிலும் பேச்சு தெலுங்கு. சங்கீதப் பித்து இருவருக்கும் உண்டு. விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டில் கிறங்கிக் கிடந்தவர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கி.ரா., காசநோயோடும் விவசாயத்தோடும் ஊரிலேயே இருந்தார். அழகிரிசாமி பத்திரப் பதிவு அலுவலக வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குப் போனார். 'ஆனந்த போதினி', 'பிரசண்ட விகடன்', 'சக்தி' என்று பத்திரிகை மாறிப் பத்திரிகை. 1952இல் கோலாலம்பூர் 'தமிழ் நேச'னுக்குக் கப்பலேறி, 1957இல் திரும்பினார். ஒரே தெருவில் இருந்திருந்தால் பேசித் தீர்த்திருப்பார்கள். ஒருவர் கிளம்பிப் போனதால் நமக்குக் கடிதங்கள் கிடைத்தன.

அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதியவை நூலாக வந்திருக்கின்றன. இசை, இலக்கியம், அன்றாடப் பாடு எல்லாம் ஒரே மூச்சில் வரும். யாரிடமும் பணிந்து பேசவேண்டிய அவசியமில்லாத ஒரு குரல் அது. கி.ரா.வின் 'மாயமான்' கதை 'சரஸ்வதி'யில் 1958இல் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது நெருங்கியிருந்தது. அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை, கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கரிசல் பேச்சைக் கூச்சமில்லாமல் தாளில் இறக்கும் பழக்கம் அவருக்குக் கதையில் வரவில்லை, கடுதாசியில்தான் வந்தது என்பது என் கணிப்பு. பிற்காலத்தில் ஒரு தொடருக்கே 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்று பெயர் வைத்தார்.

இனி நம் பக்கம் வருவோம். அழகிரிசாமி கோலாலம்பூரில் பத்திரிகை மேசையில் உட்கார்ந்திருந்த அதே ஆண்டுகளில், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். அவர்களும் ஊருக்குக் கடிதம் அனுப்பினார்கள். எழுதியது இன்னொருவர் கை. இங்கே அதைப் பிரித்துப் படித்ததும் இன்னொருவர் வாய். என் அப்பத்தா வைத்திருந்த தகரப்பெட்டியில் அப்படி ஒரு கடிதம் இருந்தது. நலம் விசாரிப்பு, அனுப்பிய பணம், பெற்றுக்கொண்டதற்குப் பதில் போடவும் என்ற வேண்டுகோள். அவ்வளவுதான். எழுதிக் கொடுப்பவன் காதில் விழும்படி ஒருவன் தன் பெண்டாட்டியிடம் வேறு என்னதான் சொல்லிவிட முடியும்? அந்தரங்கம் என்பதே படித்தவர்களின் சொத்தாக இருந்த காலம். அந்தக் கடிதத்தையும் தபால்காரர் வீட்டு வாசலில் தந்ததில்லை. தெருமுனையில் நின்று சைக்கிள் மணியை அடிப்பார், நாம்தான் ஓட வேண்டும்.

நம் முன்னோர் எழுத்தில் பேசியது பெரும்பாலும் மனுக்களில்தான். குடிதண்ணீருக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, பட்டாவுக்கு. கீழே கைநாட்டு. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் கேலி இருக்கும், சண்டை இருக்கும். கலெக்டருக்கு எழுதும் மனுவில் "சமூகம்" என்ற விளியும் கும்பிடும்தான் இருக்கும். அழகிரிசாமியின் கடிதங்களை வாசிக்கும்போது எனக்குப் பொறாமை வருவது அவருடைய மேதைமையைப் பார்த்து அல்ல, அந்தச் சமநிலையைப் பார்த்து. சம்சாரி வீட்டுக்கும் ஆசாரி வீட்டுக்கும் நடுவே சாதி இருந்தது. ஆனாலும் திண்ணையில் சேர்ந்து உட்கார முடிந்தது. சேரிப் பிள்ளை ஒருவன் அந்தத் திண்ணையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்க முடியுமா?

அதனால்தான் அண்ணல் அம்பேத்கர் 1946 ஜூலையில் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கு எழுதிய கடிதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டுத்தான் அவர் எழுதினார். மனுவைப் பற்றிய கடிதம்தான், ஆனால் சமமானவர்கள் பேசிக்கொள்ளும் கடிதம். அந்த மாதம் முடிவதற்குள் டுபாய்ஸ் பதில் எழுதிவிட்டார். டுபாய்ஸின் தாள்களை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் பாதுகாத்ததால் இன்று நாம் அதைப் படிக்கிறோம்.

பாதுகாக்க ஓர் இடம் வேண்டும். அழகிரிசாமி 1970 ஜூலை 5இல், நாற்பத்தாறு வயதில் இறந்துபோனார். 'அன்பளிப்பு' தொகுப்புக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது. பெற்றுக்கொண்டவர் வைத்திருந்ததால் கடிதங்கள் பிழைத்தன. 1989இல் புதுச்சேரிக்குப் போகும்வரை கி.ரா.வுக்கு இடைசெவலில் வீடும் நிலமும் இருந்தன. ஒழுகாத கூரையும் ஒரு நட்புதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதே கரிசலில் இருந்து பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தது. அதன் நாயகன் செருப்புத் தைக்கும் அருந்ததியர், பெயர் அழகிரி. நம் மாவட்டத்துப் பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. இவை நாவலாகவும் தன்வரலாறாகவும் வந்தவை. கடிதங்களைத்தான் காணோம்.

காணோம் என்றால் இல்லை என்று பொருளல்ல. எஸ்டேட் கடிதம், மனுவின் நகல், மணியார்டர் துண்டு, விடுதியில் இருந்து பிள்ளை எழுதிய இன்லேண்டு என்று எது இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அசலை அன்றைக்கே உங்கள் கையில் கொடுத்துவிடுவோம்.