கடிகாரம் கட்டினா கரை சேரலாமா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் ஏதாவது எழுதி. வேலை, வெயில், சோம்பேறித்தனம்னு காரணம் ஆயிரம். இன்னிக்கு எழுத வச்ச புண்ணியம் மாமாவுக்குத்தான்.

மாமா ஊரு ஆரம்பாக்கம் பக்கத்துல, பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம். ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுஷன். ஆனாலும் ராத்திரி ஏரிக்குப் போறதை விடலை. இறால், நண்டு, மடவைன்னு கிடைச்சதை வச்சு ஓடுற குடும்பம். சீசன்ல மச்சானோட ஃபைபர் போட்ல கடலுக்கும் போவார். சென்னையில வேலை பாக்குற பையன் போன மாசம் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கான். நாடித்துடிப்பு, ரத்தத்துல ஆக்சிஜன், ஈசிஜி, கீழே விழுந்தா அலாரம், ஆபத்துன்னா உதவிக்கு அழைப்புன்னு ஏகப்பட்ட சமாச்சாரம். கம்பெனி பேரு வேணாம்.

மாமா அதை என் கையில கொடுத்து, "மாப்ள, நீதான் கம்ப்யூட்டர், புஸ்தகம்னு எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே. பாத்துச் சொல்லு. இது இருந்தா நான் தனியாப் போலாம்ல?"ன்னார். அத்தை பின்னாடி நின்னு என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரிஞ்சுது. நான் சொல்லப்போற ஒரு வார்த்தையை வச்சுத்தான் இவரு இனிமே துணையோட போவாரா, தனியாப் போவாரான்னு முடிவாகும்.

அதனால ஒரு வாரம் அதைக் கட்டிப் பாத்தேன். கூடவே வழக்கம் போல பழைய கதையையும் தோண்டினேன். தோண்டினப்ப ஒரு ஆச்சரியம் கிடைச்சுது. உடம்பைக் காக்கிற கடிகாரம், கடல்ல உயிரைக் காக்கிற கடிகாரம், இந்த ரெண்டு கதையிலயும் ஒரே வருஷம் வருது: 1707.

முதல்ல உடம்பு. நம்ம ஊரு நாடி வைத்தியர் மூணு விரலை வச்சு வாதம், பித்தம், கபம் சொல்லுவார். அவர் துடிப்பை எண்ண மாட்டார், அதோட நடையைப் பார்ப்பார். 1707-ல் இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாயர் என்ற மருத்துவர், நாடியை எண்ணுவதற்கென்றே சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்ய வைத்து, அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். டாக்டர்கள் உடனே ஏத்துக்கிட்டாங்களான்னா, இல்லை. கடிகாரத்தைப் பாத்து நாடி எண்ணுறது வழக்கமாகவே இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. எண்ணி முடிச்சாலும் அந்த எண்ணை வச்சு என்ன பண்றதுன்னு தெரியணுமே!

அதுக்கப்புறம் கதை வேகமெடுக்குது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பை ரேடியோ வழியாக அனுப்பும் கருவியைச் செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அந்த மூட்டையின் எடை சுமார் 38 கிலோ. (இதயம் நல்லாயிருக்கிறவன்தான் தூக்க முடியும்!) 1982-ல் ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் நெஞ்சில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு கடிகாரம் என்று வயரில்லாமல் துடிப்பைக் காட்டியது. 1974-ல் ஜப்பானில் தகுவோ அயோயாகி, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை ஒளியைக் கொண்டு வெளியிலிருந்தே கணிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். கொரோனா காலத்துல நாம எல்லாரும் விரல்ல மாட்டிக்கிட்டு நடுங்கினோமே, அந்தக் கிளிப்புக்கு மூலம் அதுதான். 2018-ல் ஆப்பிள் கடிகாரத்தில் ஈசிஜியும், விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதியும் சேர்ந்தன.

இங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, கடிகாரத்து ஈசிஜி ஒரே ஒரு கோணத்துலதான் இதயத்தைப் பாக்குது. ஆஸ்பத்திரியில எடுக்கிறது 12 கோணம். துடிப்பு தாறுமாறா ஓடுற ஒரு வகைக் கோளாறைக் கடிகாரம் பிடிக்கும், மாரடைப்பைப் பிடிக்காது. ஸ்டென்ட் வச்ச ஆளுக்கு எது முக்கியம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொண்ணு, தோல் நிறம். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் விரல் கருவிகளே கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு அதிகமாகத் தவறவிட்டது தெரிய வந்தது. வெயில்ல காஞ்ச நம்ம ஆளுங்க கையில, அதுவும் ஈரத்துல ஊறின மணிக்கட்டுல, அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பறது? மாமாவோட கையில அஞ்சு நிமிஷ இடைவெளியில 97, 91, அப்புறம் 'அளக்க முடியவில்லை'ன்னு காட்டுச்சு. மனுஷன் பாட்டுக்கு உக்காந்து பீடி குடிச்சிட்டு இருந்தார். (அந்தப் பீடிக்கு அலாரம் அடிக்கிற வாட்ச் இன்னும் வரலை.)

இப்ப கடல். அதே 1707, அக்டோபர் மாசம். பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணக்குப் போட்டு, சில்லி தீவுகளின் பாறைகளில் மோதின. நாலு கப்பல் மூழ்கியது, 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள். வடக்கு தெற்கை நட்சத்திரம் பாத்துச் சொல்லிடலாம். கிழக்கு மேற்கு எவ்வளவு தூரம் வந்தோம்னு சொல்ல, கிளம்பின ஊர்ல இப்ப மணி என்னன்னு தெரியணும். நாலு நிமிஷ வித்தியாசம்னா ஒரு பாகை. நம்ம ஊரு அட்சரேகையில அது ஏறக்குறைய 108 கிலோமீட்டர். கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பினா, கப்பல் 27 கிலோமீட்டர் தப்பும்!

அப்ப கப்பல்ல இருந்ததெல்லாம் அரை மணி நேர மணற்கடிகாரம்தான். அதைப் பாக்க லண்டன் போக வேணாம். பழவேற்காடு டச்சுக் கல்லறை வாசலுக்குப் போனா, ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடுகள் நிக்கும். அதுல ஒண்ணு தலையில மணற்கடிகாரத்தைச் சுமந்துட்டு இருக்கும். 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டின டச்சுக்காரர்கள், மணலும் நட்சத்திரமும் வச்சுக்கிட்டுத்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள். பாதிப் பேர் திரும்பாததுல என்ன ஆச்சரியம்.

1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் வாழ்நாள் முழுக்க அதில் உழைத்தார். அவருடைய நாலாவது கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாளில் அது தப்பியது சுமார் 5 விநாடிதான். பரிசைக் கொடுத்தாங்களா? "ஏதோ அதிர்ஷ்டம், இன்னொரு தடவை காட்டு"ன்னாங்க. 1764-ல் மறுபடி சோதனை. அப்புறமும் இழுத்தடிச்சு, பாக்கிப் பணம் கைக்கு வந்தப்ப வருஷம் 1773, அவருக்கு வயசு 80. ஹாரிசனுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா சோதிச்சவங்க பிடிச்ச ஒரு விஷயம் சரி: பட்டறையில நல்லா ஓடினாப் போதாது, கடல்ல ஓடணும், மறுபடியும் ஓடணும்.

அந்த விஷயம் நம்ம ஊருக்கும் வந்துச்சு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனி அமைத்த வானாய்வகத்தின் முக்கிய நோக்கமே கடலோட்டத்துக்கு உதவுவதுதான். அதோட கணக்குல பிறந்த 'மெட்ராஸ் நேரம்' கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தி ஓடியது. இன்னிக்கு மாமா கையில இருக்கிற வாட்ச்சும் அதே வித்தையைத்தான் பண்ணுது. வானத்துல சுத்துற செயற்கைக்கோள் ஒவ்வொண்ணுலயும் ஒரு அணுக் கடிகாரம். அதுங்க சொல்ற நேரத்தை ஒப்பிட்டு நாம நிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்குது. நம்ம நாவிக் செயற்கைக்கோள்கள் கிளம்புறது எங்கிருந்து? ஏரிக்கு அந்தக் கரை ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்துதான். முதல் நாவிக் கோள் 2013 ஜூலை 1-ஆம் தேதி போச்சு. ராக்கெட் விடுற நாள்ல கடலுக்குப் போகக் கூடாதுன்னு நம்ம ஆளுங்களைத்தான் நிறுத்தி வைப்பாங்க.

சரி, இடம் தெரிஞ்சாச்சு. அதை யார்கிட்ட சொல்றது? இங்கதான் கதையோட முடிச்சு இருக்கு.

2010-லிருந்து இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி மீன்பிடி படகுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் பயன்பாட்டுக்கு வந்தன. ஆனா பழைய கருவிக்கு வாய் மட்டும்தான், காது கிடையாது. அமுக்கினவனுக்குத் தன் குரல் போய்ச் சேந்துச்சான்னு தெரியாது. நடுக்கடல்ல அந்த நிமிஷத்தை யோசிச்சுப் பாருங்க.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தப்ப நிலைமை தலைகீழ். ஆழ்கடல்ல இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லை. அதுக்கப்புறம் கொடுக்கப்பட்ட நாவிக் கருவிகள் புயல் செய்தியை வாங்கும், பதில் அனுப்பாது. இதுக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது! வாயும் காதும் ஒண்ணா வந்தது 2024 ஜனவரியில். இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறைக் கருவி, 'உன் செய்தி கிடைச்சுது'ன்னு பதில் சொல்லும். இடம் கண்டுபிடிக்கிற கடிகாரத்துக்குப் பரிசு அறிவிச்சு 310 வருஷம் கழிச்சு, நம்ம மீனவன் கூப்பிட்ட குரலுக்கு ஒரு பதில்.

இப்ப வாட்ச்சுக்கு வருவோம். ஹாரிசன் கதையில வர்ற மாதிரி, வீட்டுல சோதிச்சாப் போதாதுன்னு மாமாவோட ஏரிக்குப் போனேன். கம்பு ஊன்றித் தள்ளினார். வாட்ச் 'நல்ல நடைப்பயிற்சி'ன்னு பாராட்டுச்சு :-) நான் படகுல இருந்து சேத்துல தொப்புன்னு குதிச்சேன். 'விழுந்துட்டீங்களா?'ன்னு அலறுச்சு. கொஞ்ச நேரத்துல மாமா நிஜமாவே வழுக்கி மெதுவா உக்காந்து சாஞ்சார். அதுக்கு மூச்சு விடலை. மயக்கம் வர்றவன் பெரும்பாலும் அப்படித்தானே சரிவான்?

உதவி அழைப்பு போக போன் பக்கத்துல இருக்கணும். போனை பிளாஸ்டிக் கவர்ல சுத்திப் படகுல வச்சுட்டு, நான் இடுப்புத் தண்ணியில நாப்பது அடி தள்ளிப் போனேன். தொடர்பு அறுந்துச்சு. கையைத் தண்ணிக்குள்ள விட்டா சுத்தம். ஏரியில சிக்னல் ஓரளவு கிடைக்குது, கடல்ல கொஞ்ச தூரம் போனா அதுவும் போயிடும். செயற்கைக்கோளோட நேரா பேசுற வாட்ச்கள் 2025-ல் வந்துடுச்சு. ஆனா மாமா கையில இருக்கிறது அது இல்லை.

பழவேற்காட்டு ஏரியோட சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனாலும் 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு முகத்துவாரம் பக்கம் ஒரு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போனாங்க. அவங்களுக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது லைஃப் ஜாக்கெட். எந்தக் கடிகாரமும் அந்த வேலையைப் பண்ணாது.

கடைசியா மாமா வீட்டுத் திண்ணையில உக்காந்து தீர்ப்பு சொன்னேன். "மாமா, கட்டிக்கோங்க. தினமும் துடிப்பை எண்ணும், அந்தக் கணக்கை டாக்டர்கிட்ட காட்டுங்க. நெஞ்சு வலிச்சா மட்டும் இதைப் பாக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. கடலுக்குப் போனா போட்ல அந்த இஸ்ரோ கருவி இருக்கணும், உடம்புல ஜாக்கெட் இருக்கணும். காவல்படை நம்பர் 1554. ஆனா தனியாப் போக இது சீட்டு கிடையாது."

மாமா மூஞ்சி தொங்கிப் போச்சு. "அப்ப இதுக்கு இவ்ளோ காசா?"ன்னார்.

"காசு வீண் இல்ல மாமா. மணி அடிக்கிற வேலையை இது பாத்துக்கும். அதைக் கேட்டு ஓடி வர ஒரு ஆள் வேணுமே. ஃப்ளாயர் கடிகாரத்துக்கும் பின்னாடி ஒரு டாக்டர் வேண்டியிருந்துச்சு."

அத்தை ஒண்ணும் பேசலை. உள்ளே போய் மூணு டம்ளர்ல டீ கொண்டு வந்தாங்க. எனக்கு மட்டும் ஒரு தட்டு வறுத்த இறால் கூடுதலா வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி மாமா தம்பி மகனைக் கூட்டிட்டுத்தான் ஏரிக்குப் போனார். வாட்ச் மாமா கையில. போன் அந்தப் பையன் கழுத்துல.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, வாட்ச் கடைக்காரனும் இல்லை. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இந்த மாதிரி வாங்கிக் கொடுத்திருந்தா, இன்னிக்கு ஒரு தடவை அந்த ஆபத்துப் பொத்தானை அமுக்கச் சொல்லிப் பாருங்க, 112-க்குப் போகாம உங்க போனுக்கு வர்ற மாதிரி முதல்ல மாத்தி வச்சுட்டு. அடிக்கிறப்ப நீங்க எடுக்கிறீங்களான்னும் பாருங்க.