பண்டத்துக்குப் பெயர் வைக்கிற வாய்

பழனிப் பக்கத்துக் கீரனூரில் வயதானவர்கள் இன்னும் குளிர்பானம் என்று சொல்வதில்லை. கலர் என்றுதான் சொல்கிறார்கள். ‘விருந்தாளி வந்திருக்காங்க, ரெண்டு கலர் வாங்கிட்டு வாடா’ என்றால் எந்தக் கம்பெனி என்று பையன் கேட்டதில்லை. புட்டியின்மேல் கம்பெனி தன் பெயரை எழுதி வைத்திருந்தது. வாங்கியவர்கள் அதை ஒதுக்கிவிட்டு நிறத்தையே பெயராக்கினார்கள். பண்டம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வது ஒரு பிரதி என்றால், வாங்குகிறவர்கள் அதைப்பற்றிப் பேசுவது இன்னொரு பிரதி. இந்த இரண்டாவது பிரதி ஏதோ ஃபேஸ்புக், யூட்யூபோடு பிறந்ததுபோல் இன்று மேலாண்மைக்காரர்கள் பேசுகிறார்கள். திண்டுக்கல் சீமையில் கொஞ்சம் சுற்றினாலே இந்தப் பேச்சு நிற்காது.

1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய கடைக்கு அவர் வைத்த பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். விலாஸ், பவன், லாட்ஜ் என்று அக்காலத்து ஹோட்டல்காரர் யாரும் வைக்கக்கூடிய பெயர்தான். ஆனால் அவர் தலையில் எப்போதும் தலைப்பாகை இருந்தது. சாப்பிட வந்தவர்கள் பலகையைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்கள். ‘தலப்பாக்கட்டு கடை’ என்றார்கள். சந்தைக்கு வந்தவர், பஸ் ஏறப்போனவர், கோர்ட்டுக்கு வந்தவர் என்று வாய்மாறி வாய்மாறிப் போய், கடைசியில் முதலாளி எழுதிவைத்த பெயர் பின்னால் போயிற்று. வாடிக்கையாளர் வைத்த பெயரே பலகை ஏறியது. இதற்கு யாருக்கும் கூலி கொடுக்கப்படவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பெயர் பெரிதானதும் வேறு ஊர்களில் வேறு கடைகள் அதை வைத்துக்கொண்டன. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போனது. வணிகச் சின்னச் சட்டத்தின் தர்க்கம் இந்த இடத்தில் விசித்திரமானது. ஒரு சொல்லைப் பொதுமக்கள் ஒரு கடையோடு சேர்த்தே அறிகிறார்கள் என்று காட்டினால், அதுவே அச்சொல் அந்தக் கடைக்குச் சொந்தம் என்பதற்கான சான்றாகிறது. அதாவது ஊரார் பேச்சு தனியார் சொத்தின் அத்தாட்சியாக மாறுகிறது. பேசியவர்களுக்கு அந்தச் சொத்தில் பங்கில்லை. போலிக் கடைகளை ஆதரித்து இதைச் சொல்லவில்லை. அறுபது வருஷம் அடுப்படியில் நின்ற உழைப்புக்கும் பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் பெயரை உருவாக்கிய உழைப்பு கணக்கிலேயே வரவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

பொவண்டோவின் கதை வேறுமாதிரி. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் சரக்கு அது. 1950களின் கடைசியில் வந்தது. நம்மூர்ப் பக்கம் பலர் வாயில் ‘பவண்டோ’. 1990இல் பெப்சி வந்தது, 1993இல் கோக் திரும்பி வந்தது. அதே வருஷம் தம்ஸ் அப், கோல்ட் ஸ்பாட் எல்லாம் கோக்குக்கு விற்கப்பட்டன. ஊருக்கு ஊர் இருந்த சோடா கம்பெனிகள் பல இருந்த இடம் தெரியாமல் போயின. காளிமார்க் விற்காமல் நின்றது. ஆனால் அன்று அதைப்பற்றி யாரும் பெருமை பேசவில்லை. திருவிழாவில் குடித்த, காய்ச்சலுக்குப் பிறகு அப்பா வாங்கிக்கொடுத்த ஒரு ருசியாக மட்டும் அது ஞாபகத்தில் கிடந்தது.

2017 ஜனவரியில் அந்த ஞாபகத்துக்கு அரசியல் அர்த்தம் வந்தது. 2014இல் உச்சநீதிமன்றம் தடைசெய்த ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் கூடியவர்கள் அந்நியக் குளிர்பானத்தின்மேலும் கோபத்தைத் திருப்பினார்கள். கங்கைகொண்டான் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவது பற்றிய வழக்கு ஏற்கனவே மதுரைக் கிளையில் இருந்தது. மீம், வாட்ஸப் செய்தி, வீடியோ என்று ‘இதைக் குடிக்காதே, பொவண்டோ குடி’ என்ற பிரச்சாரம் பரவியது. எழுதியவர்கள் மாணவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காரர்கள், கடைக்காரர்கள். இத்தனை பெரிய விளம்பரத்தை எந்த ஏஜென்சியும் செய்து தந்திருக்காது. வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. மறுநாளே, மார்ச் 2இல், தண்ணீர் வழக்கு தள்ளுபடியானது.

டல்லஸ் ஸ்மைத் 1977இல் ஒரு வாதம் வைத்தார்: தொலைக்காட்சி விளம்பரதாரருக்கு விற்பது நிகழ்ச்சியை அல்ல, பார்க்கிறவர்களைத்தான், பார்ப்பதும் ஒரு உழைப்பு. பொவண்டோ மீம் எழுதியவரை இந்தச் சட்டகத்துக்குள் அடைப்பது சுலபம்; சம்பளமில்லாத விளம்பரத் தொழிலாளி என்றுவிடலாம். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அவர் ஒரு கம்பெனிக்காக எழுதவில்லை, தன்னைப் பற்றித்தான் எழுதினார். தமிழன், கிராமத்தான், ஏமாற்றப்பட்டவன் என்கிற தன்னிலையைச் சொல்ல ஒரு புட்டி கையில் அகப்பட்டது. காளிமார்க் கேட்டு இது நடக்கவில்லை, கேட்டிருந்தால் நடந்திருக்காது. அதே காரணத்தால் கம்பெனியால் இதை நிறுத்தி வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கோபம் ஆறியபோது பேச்சும் ஆறியது. அந்தப் பேச்சு ஓடிய ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸப்புக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்பதும், அவர் விருதுநகர்க்காரர் அல்ல என்பதும் வேறு.

ஆனால் பேச்சு மட்டுமே புட்டியை விற்பதில்லை. பெட்டிக்கடையில் நிற்கிற கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜைக் கவனியுங்கள். பெரிய கம்பெனி கொடுத்தது. தன் சரக்கை மட்டுமே அடுக்கவேண்டும் என்பது பேச்சு. கீரனூர்க் கடைத்தெருவில் அன்று ‘எல்லாம் பவண்டோவே கேட்டாங்க’ என்று சொன்ன கடைக்கார அண்ணாச்சியிடம், பிறகு ஏன் குறைந்தது என்று கேட்டேன்.

‘வெயில்ல வர்றவன் என்னங்க கேப்பான்? கூலிங்கா இருக்கான்னுதான் கேப்பான். அந்தப் பெட்டிக்குள்ள இதை வெச்சா லைன்ல வர்ற தம்பி சத்தம் போடுவாரு. கரண்டு பில்லு நான் கட்டுறேன், பெட்டி அவங்களுது.’

நான் ஒரு பொவண்டோ கேட்டேன். வெளியே சாக்குப் போட்டு மூடியிருந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.