சென்ட்ரிங் எப்போ பிரிக்கலாம்?

வெம்பக்கோட்டையில எங்க வீட்டுக்கு மாடி எடுத்தப்போ, காங்கிரீட் போட்ட ஏழாம் நாளே தகராறு. "பிரிச்சிரலாம் அண்ணாச்சி, அடிக்கிற வெயிலுக்கு இறுகிருச்சு"ன்னார் கொத்தனார். அப்பா பாத்தி கட்டி நிறுத்தின தண்ணியையே பார்த்துட்டு, "இன்னொரு வாரம் கிடக்கட்டும்"னார். யார் சொன்னது சரி? இந்தக் கேள்விக்கு ஒருகாலத்துல 51 உயிர் போயிருக்கு.

1978 ஏப்ரல் 27. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, வில்லோ ஐலண்ட். அனல்மின் நிலையத்துக்குக் குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கிட்டு இருந்தது. முந்தின நாள் போட்ட காங்கிரீட் வளையத்துலயே சாரத்தை மாட்டி, அடுத்த வளையத்தைப் போடணும். ராத்திரி நல்ல குளிர். காலண்டர்ல ஒரு நாள் முடிஞ்சது, காங்கிரீட்டுக்கு முடியல. சுமார் 50 மீட்டர் உயரத்துல அது பிய்ஞ்சு, சாரம் மொத்தமா சரிஞ்சது. மேலே இருந்த 51 பேர்ல ஒருத்தரும் பிழைக்கல. ஒரே குடும்பத்துலயே பலர். பட்டாசு ஊர்க்காரங்களுக்கு அந்தச் சாவு வீடுகளை நான் விளக்க வேண்டியதில்ல.

விசாரிச்ச நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ், அந்த வளையம் போதிய பலம் பெறலைன்னு சொன்னது. காங்கிரீட்டோட வயசை நாளால மட்டும் எண்ணக் கூடாது, வெப்பத்தையும் சேர்த்து எண்ணணும். இங்கிலாந்துல நர்ஸ் 1949லயும், சால் 1951லயும் எழுதின யோசனைதான் இது. உள்ளே ஒரு வெப்ப உணரியைப் புதைச்சு, எத்தனை மணி நேரம் எவ்வளவு சூடா இருந்ததுன்னு கூட்டணும். அதே கலவைக்கு ஆய்வகத்துல முன்னாடியே போட்டு வச்ச வரைபடத்தைப் பார்த்தா, உடைக்காமலே பலம் தெரியும். 1987ல இது அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் தரமுறையாச்சு. ஆனா சைட்ல யாராவது ஒரு குடம் தண்ணி கூட ஊத்திட்டா, உணரிக்கு அது தெரியாது!

நம்ம ஐஎஸ் 456 விதியில, 4.5 மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கு முட்டு 14 நாள் நிக்கணும். அதுவும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பம்னு நிபந்தனையோட. வெயில் பத்தி கொத்தனார் சொன்னது சரிதான். ஆனா எங்க ஹால் 5 மீட்டர். மூட்டையும் சாம்பல் கலந்த பிபிசி, அது மெதுவாத்தான் இறுகும்.

அப்பாவுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. பதினஞ்சாம் நாள் முட்டு எடுத்தப்போ, அவர் மட்டும் கீழே நிக்காம வாசல்ல போய் நின்னார்.