மாலைத்தீவும் மொரீசியசும்: மர இறக்குமதியின் இரு வரலாறுகள்

மாலைத்தீவும் மொரீசியசும் இந்தியப் பெருங்கடலில் உள்ள சிறிய வெப்பமண்டலத் தீவு நாடுகள். கட்டுமானத்திற்கு வேண்டிய மரத்தின் பெரும்பகுதியை இரண்டுமே வெளிநாடுகளிலிருந்து வாங்குகின்றன. வணிகப் புள்ளிவிவர அட்டவணைகளில் இவற்றின் மர இறக்குமதி மதிப்பு டாலர் கணக்கில் ஒரே வகையாகக் குறிக்கப்படுகிறது. ஆனால் ஒன்று காட்டை இழந்த நாடு. மற்றொன்று வெட்டுமரக் காடே இல்லாத நாடு.

மொரீசியசு ஒரு காலத்தில் மரத்தை ஏற்றுமதி செய்த நாடு என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். 1598இல் டச்சுக்காரர்கள் வந்திறங்கியபோது தீவின் பெரும்பகுதி அடர்ந்த காடாக இருந்தது. 1638இல் அவர்கள் குடியேற்றம் அமைத்து, அங்கிருந்த கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினர். 1710இல் அவர்கள் வெளியேறிய பின், 1715இல் தீவு பிரெஞ்சுக்காரர் வசமானது. நிருவாகியாக இருந்த பியர் புவாவ்ர் காலத்தில், 1769இல், நில உரிமையாளர்கள் தம் நிலத்தில் கால்பங்கைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. காடு அழிந்தால் மழை குறையும் என்று அவர் நம்பினார். அக்காலத்திற்கு இது மிக முன்னோடியான சட்டமே. எனினும் காடு தப்பவில்லை.

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். 1825இல் மொரீசியசுச் சர்க்கரைக்கு மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு இணையான சுங்கவரி பிரித்தானியாவில் அளிக்கப்பட்டது. கரும்பு வயல்கள் வேகமாகப் பரவின. 1834க்குப் பின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று அவ்வயல்களில் உழைத்தவர்களில் தமிழரும் உண்டு. இன்று நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பைன் போன்ற மரங்கள் பின்னர் நடப்பட்டாலும் அவை நாட்டின் தேவைக்குப் போதவில்லை.

மாலைத்தீவின் கதை வேறு. ஏறக்குறைய 1,200 பவளத் தீவுகளைச் சேர்த்தாலும் நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். மணற்பாங்கான மெல்லிய மண்ணில் தென்னையே முதன்மை மரம். 1343இல் அங்கு வந்த இபின் பதூதா, தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டப்பட்டதையும், அக்கயிறு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதையும் குறித்துள்ளார். தோணி கட்டத் தென்னை மரமும், மசூதி கட்டப் பவளக்கல்லும் பயன்பட்டன. தேக்கு போன்ற மரங்கள் கடல் கடந்தே வர வேண்டியிருந்தது. தூத்துக்குடித் தோணிகள் மாலைத்தீவுக்குக் கட்டுமானப் பொருள்களைக் கொண்டுசென்றதும் இந்த இல்லாமையால்தான். 1972இல் சுற்றுலா விடுதிகள் தொடங்கியபின் மரத்தின் தேவை முற்றிலும் புதிய அளவை எட்டியது.

இனி, மதிப்பை ஒப்பிடும்போது மாணவர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. இறக்குமதி மதிப்பில் பொதுவாகச் சரக்கின் விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேரும். ஆகவே தொலைவிலிருந்து சிறு அளவில் வாங்கும் நாட்டுக்கு, அதே பலகைக்குக் கூடுதல் மதிப்பு பதிவாகும். அடுத்தது பொருள் வகைப்பாடு. சுங்கத் துறைகள் பின்பற்றும் எச்.எஸ். குறியீட்டில் மரம், ஒட்டுப்பலகை, மரக்கரி ஆகியவை 44ஆம் பிரிவில் வருகின்றன. காகிதம் 48ஆம் பிரிவு. மர நாற்காலி, கட்டில் ஆகியவை 94ஆம் பிரிவு. முன்கூட்டியே செய்து கொண்டுவரப்படும் மர வீடுகளும் அங்கேதான் சேரும். அத்தகைய வீடுகளைத் தருவிக்கும் விடுதித் தீவின் செலவு 44ஆம் பிரிவை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது.

மக்கள்தொகையால் வகுத்துப் பார்ப்பதும் ஓரளவே உதவும். மாலைத்தீவில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 5.15 லட்சம் மக்கள். 2024இல் வந்த சுற்றுலாப் பயணிகளோ 20 லட்சத்துக்கும் மேல். மொரீசியசில் மக்கள் 12 லட்சத்துக்கும் மேல். 2023இல் வந்த பயணிகள் ஏறக்குறைய 13 லட்சம். மாலைத்தீவில் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் மர மதிப்பில், கடல்மேல் கட்டப்பட்ட விடுதி அறைகளின் பலகைகளும் அடங்கியிருக்கும்.